செட்டிநாட்டிலிருந்து முதுநிலைச் செவிலியர் கல்வி: கற்பித்தலையும் உலக நலப்பணியையும் சேர்த்துப் படிக்க ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கங்களிலிருந்து பி.எஸ்சி. நர்சிங் முடித்து, வார்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணிபுரிந்த செவிலியர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வியோடு வருகிறார்கள்: "மேடம், எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும். வசதியில்லாத நாட்டுக்குப் போய்ச் சேவை செய்யவும் ஆசை. இரண்டில் எதைப் படிப்பது?" இரண்டையும் ஒன்றாகவே படிக்க வேண்டும் என்பதுதான் நான் ஒவ்வொருவருக்கும் சொல்லும் விடை. வெளியிலிருந்து வரும் செவிலியர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஒரு நாள் ஊர் திரும்பிவிடுவார். அவர் புறப்பட்ட மறுநாள் அந்தச் சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பவரும், காய்ச்சலோடு வரும் குழந்தையை எடுத்துப் பார்ப்பவரும் அந்த ஊர்க்காரர்களே. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தால் பணி நிலைக்கும். கற்றுக்கொடுக்காமல் வந்தால் அவரோடு முடிந்துவிடும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வேலூரில் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கிய அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர், 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்பாக வளர்ந்தது. இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) என்று அறியப்படும் அந்த நிறுவனம் நிற்பதற்கு அங்கு பயின்றவர்களே காரணம். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970இல் பணியைத் தொடங்கிய ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே தம்பதியர் எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அத்தகைய முயற்சிகளைக் கண்ட பிறகுதான் 1978இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா ஆட்டா நகரில் நடந்த மாநாட்டில் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு என்ற கருத்தை உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் செவிலியர்கள் ஏறத்தாழ 2.79 கோடிப் பேர் இருந்தார்கள். பற்றாக்குறை 59 லட்சம். நாம் ஒவ்வொருவராகப் போய் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. அங்கே செவிலியர்களை உருவாக்கும் ஆசிரியர்களாகப் போகலாம்.

ஊழியம் என்ற சொல்

அமெரிக்காவில் சில கிறித்தவப் பல்கலைக்கழகங்கள் செவிலியர் கல்வியியலோடு உலக நல ஊழியத்தையும் சேர்த்து முதுநிலைப் படிப்பு நடத்துகின்றன. அந்தப் பெயரைப் பார்த்ததும் சிலர் தயங்குகிறார்கள். சிலர் அதைப் பிரசங்கப் பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உடல்நலப் பணியைச் சமயப் பற்றோடும் சமூகப் பற்றோடும் செய்வதே ஊழியம். 1984இல் சிகாகோ பகுதியில் கிராஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லூத்தரன் போதகர், தேவாலயச் சபைகளுக்குள்ளேயே செவிலியர்களை அமர்த்தும் முறையைத் தொடங்கினார். சபை மக்களின் இரத்த அழுத்தத்தையும் மன வருத்தத்தையும் ஒருசேரக் கவனிக்கும் அந்தப் பணி பின்னர் அங்கே செவிலியத்தின் தனிச் சிறப்புத் துறையாகவே ஏற்கப்பட்டது.

நம் பக்கத்தில் இதை எளிதாகப் புரிய வைக்கலாம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் பத்து இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்த ஒருவருக்குத் தார்ச் சாலையின் சூடு தெரியாது. கொப்புளம் வந்ததும் தெரியாது. மார்கழியிலேயே காவடிக் குழுவை நடத்திச் செல்லும் பெரியவரிடம் அனுமதி பெற்று, நடப்பவர்களை உட்கார வைத்து, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் ஒவ்வொருவர் பாதத்தையும் தொட்டுச் சோதித்து, யாருக்கு உணர்ச்சி இல்லை என்று கண்டறிந்து, அவர்களுக்கு மட்டும் தனியே பேசுகிற செவிலியர் செய்வதும் ஊழியமே. "நடக்காதீர்கள்" என்று எடுத்த எடுப்பில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். நேர்த்திக்கடனை மதித்து, செருப்போடு நடப்பது, விடியற்காலையில் நடப்பது, மாலையில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, புண் வந்தால் அன்றே நின்றுவிடுவது என்று அவரே ஒப்புக்கொள்ளும் வழியைத் தேடித் தர வேண்டும்.

ஓர் எல்லையை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நோயாளியின் துன்பத்தைப் பயன்படுத்தி எந்தச் சமயத்தையும் புகுத்துவது தவறு. சமயம் பார்க்காமல் பராமரிக்க வேண்டும் என்று பன்னாட்டுச் செவிலியர் மன்றத்தின் நெறிமுறை சொல்கிறது. 2021இல் அது திருத்தப்பட்டபோதும் அந்த நிலைப்பாடு மாறவில்லை. சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடு சமய நம்பிக்கை பற்றிய கடிதம் கேட்கும். நம்பாத ஒன்றை எழுதி இடம் பெறாதீர்கள். வேறு சமயத்தவரையும் சேர்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் இங்கே எம்.எஸ்சி.

கையில் காசும் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் இருந்தால்கூட, முதலில் இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆசிரியராகத் தேவையான அடித்தளம் அந்தப் படிப்பிலேயே இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் முதல் ஆண்டிலேயே செவிலியர் கல்வியியல் என்ற பாடத்துக்கு 150 மணி நேரம் வகுப்பும் 150 மணி நேரம் செய்முறையும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆராய்ச்சியும் புள்ளியியலும் அதே ஆண்டில் வரும். மேலாண்மையும் ஆய்வேடும் இரண்டாம் ஆண்டில் வரும். சேர்வதற்கு பி.எஸ்சி. நர்சிங்கிலோ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யிலோ (பட்டயம் முடித்த செவிலியர்களுக்கான பட்டப்படிப்பு) 55 விழுக்காடு மதிப்பெண், செவிலியராகவும் மகப்பேறு உதவியாளராகவும் பதிவு, ஓராண்டுப் பணி அனுபவம் ஆகியவை வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களுக்கு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு அறிவிக்கை வெளியிடும். சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்த செவிலியர் கல்லூரிகள் இருக்கின்றன. நமக்கு மதுரை பக்கம். தனியார் கல்லூரியில் சேர்வதானால், எம்.எஸ்சி.க்கு அங்கீகாரம் இருக்கிறதா, நீங்கள் விரும்பும் துறைக்கு வழிகாட்ட ஆசிரியர் இருக்கிறாரா என்ற இரண்டையும் நேரில் போய் உறுதி செய்யுங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

மருத்துவ அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என்று ஐந்து துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உலக நலப்பணிக்குச் சமுதாய நலமே பொருத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் அந்தத் துறையைச் சேர்ந்தவள்தான். ஆனாலும், பிரசவ வார்டில் உங்கள் கை தானாக இயங்குமென்றால் மகப்பேற்றுத் துறையை விட்டுவிடாதீர்கள். கைவசம் இல்லாத திறமையைச் சொல்லிக்கொடுக்க முயலும் ஆசிரியரை மாணவர்கள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். எந்தத் துறையானாலும், கிராமத்தில் தங்கிப் பணி செய்ய வாய்ப்புத் தரும் கல்லூரியைத் தேடுங்கள்.

சேர்வதற்கு முந்தைய ஓராண்டு

கட்டாயப் பணி அனுபவம் என்று சொல்லப்படும் அந்த ஓராண்டைப் பலர் நாள் எண்ணிக் கழிக்கிறார்கள். ஆசிரியராக விரும்புபவருக்கு அதைவிட அருமையான காலம் கிடையாது. அக்காலத்தில் கொண்டுவிற்க (கடல் கடந்து வணிகம் செய்ய) போன நகரத்தார் கடைகளில், பர்மாவிலும் மலாயாவிலும், ஊரிலிருந்து போன இளைஞர் கடைப் பொறுப்பாளருக்கு அடுத்தாளாக (உதவியாளராக) அமர்ந்து, பேரேட்டையும் ஆளையும் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றார். நல்ல ஆசிரியர் ஒருவருக்கு நீங்களும் அப்படி அடுத்தாளாக இருங்கள். பயிற்சிக்கு வரும் மாணவிகளைக் கண்டு ஒதுங்காமல், வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் கேட்டு, வாரம் ஒரு முறையாவது அவர்களுக்குப் படுக்கையருகே கற்பிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பாடக் குறிப்பை எழுதியே செய்யுங்கள்: எத்தனை நிமிடம், என்ன நோக்கம், எந்தப் பொருள், நான் என்ன செய்வேன், மாணவி என்ன செய்வாள், எதைக் காட்டுவேன், கற்றுக்கொண்டாளா என்று எப்படி அறிவேன். கடைசிக் கட்டத்தைத்தான் பெரும்பாலோர் ஒப்புக்கு நிரப்புகிறார்கள். என் கணிப்பில் பாடக் குறிப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கல்லல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தையின் வீட்டில் என் மாணவி ஓ.ஆர்.எஸ். கரைசல் தயாரிப்பதைச் செய்து காட்டினாள். கைகழுவியது, பையைத் தாளின் மேல் வைத்தது, கல்லூரியிலிருந்து கொண்டு வந்த அளவுக் குவளையில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்தது, பொட்டலத்தை முழுவதும் கரைத்தது எதிலும் குறை இல்லை. குழந்தையின் தாய் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். "நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள், அக்கா" என்று நான் கேட்டதும், அவர் அடுக்களைக்குப் போய்த் தம் செம்பை எடுத்து வந்தார். நிரப்பி அளந்து பார்த்தால் அது முக்கால் லிட்டர்கூடப் பிடிக்காது. எங்கள் குவளை எங்களோடு போய்விடும். அந்தச் செம்பில் ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைக் கொட்டினால் கரைசலில் உப்பு மிஞ்சிக் குழந்தைக்கு ஆபத்தாகும். கடையில் 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றே என்று அவர் நினைத்திருந்தார். வீட்டில் கிடந்த ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கழுவி, அதையே அளவாக வைத்துக்கொள்ளச் சொன்னோம். அன்று மாலை அந்த மாணவி தன் பாடக் குறிப்பில் துணைக்கருவி என்ற இடத்தில் அளவுக் குவளையை அடித்துவிட்டு, "அந்த வீட்டுப் பாத்திரம்" என்று எழுதினாள். கென்யாவுக்கோ பப்புவா நியூ கினிக்கோ போனாலும் பாடம் இதேதான்: அவர்கள் வீட்டில் இருப்பதைக் கொண்டே கற்பித்து, அவர்கள் கையாலேயே திரும்பச் செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

ஆய்வேடு

இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். கற்பித்தலுக்கு முன் ஒரு வினாத்தாள், ஒரு மணி நேரக் கற்பித்தல், ஏழாம் நாள் அதே வினாத்தாள், மதிப்பெண் உயர்ந்தது என்று முடிக்கும் ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. சொல்லிக்கொடுத்ததும் மதிப்பெண் உயர்வது இயல்பே. அதை நிறுவ ஓராண்டு தேவையில்லை. அதே தலைப்பையே எடுத்துக்கொண்டாலும், நான்கு வாரம் கழித்துப் போய், அவர் என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு என்ன செய்கிறார் என்பதைக் கவனிப்புப் பட்டியல் வைத்துப் பாருங்கள். ஆய்வில் சேர்ப்பவர்களின் எண்ணிக்கை குறையும், உழைப்பு கூடும், ஆனால் நீங்கள் கண்டறிந்ததை நாளை வேறொரு நாட்டில் பயன்படுத்த முடியும்.

ஆய்வுக் கருவியை, அதாவது வினாத்தாளை, தமிழாக்கும்போது இன்னொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி ஒப்பிட வேண்டும். அதோடு நில்லாமல், முறைப்படியான முன்னோட்ட ஆய்வுக்கு முன்பே, நம் ஊர் ஆச்சிமார் இரண்டு மூன்று பேருக்குப் படித்துக் காட்டுங்கள். "நீரிழிவு" என்று கேட்டால் விழிப்பார்கள். "சர்க்கரை" என்றால் உடனே பதில் வரும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வராமல் ஒருவரிடம்கூடத் தகவல் திரட்டக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டில் மேற்படிப்பு

எம்.எஸ்சி.க்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் கற்பித்த பிறகு வெளிநாட்டுப் படிப்பைத் தேடுவது நல்லது. அமெரிக்காவின் செவிலியர் ஆசிரியர் படிப்புகளில் மேம்பட்ட உடலியக்க நோயியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகியவற்றோடு பாடத்திட்ட வடிவமைப்பும், மதிப்பீடும், நேரடிக் கற்பித்தல் பயிற்சியும் இருக்கும். உலக நலத்தையும் சேர்த்து நடத்தும் இடங்களில் பிற பண்பாட்டு மக்களிடையே களப்பணியும் வரும். செவிலியர் கல்விக்குத் தரச்சான்று தரும் அமைப்புகளான ஏ.சி.இ.என். அல்லது சி.சி.என்.இ.யின் சான்று உண்டா என்று முதலில் பாருங்கள். பல படிப்புகள் அமெரிக்க மாநிலம் ஒன்றின் செவிலியர் உரிமத்தைக் கேட்கும்; அதற்கு என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு எழுத வேண்டும், அதை இந்தியாவிலேயே எழுதலாம். சான்றிதழ் மதிப்பீட்டுக்கு சி.ஜி.எஃப்.என்.எஸ். (இப்போது ட்ரூமெரிட் என்று பெயர்) என்ற அமைப்பைப் பல இடங்களில் கேட்பார்கள். ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகையில் பொதுச் சுகாதாரமும் ஒரு துறை. படித்து முடித்ததும் தாய்நாடு திரும்ப வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நம் நோக்கத்துக்கு அந்த நிபந்தனை நன்மையே. குறுகிய காலம் போதும் என்றால், லண்டனிலும் லிவர்பூலிலும் உள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் செவிலியர்களுக்கென்றே பட்டயப் படிப்புகளை நடத்துகின்றன. அங்கே மலேரியாவையும் காசநோயையும் நன்றாகக் கற்பிப்பார்கள், ஆனால் கற்பித்தல் கலையை நீங்கள் முன்பே கற்றிருக்க வேண்டும்.

பெயரில் கவனம்

இதற்குத் தனியாக இடம் ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. நம் வட்டாரத்தில் தலைப்பெழுத்து ஒன்றோடு நிற்பதில்லை. ஐயா (தாத்தா) பெயர், அப்பச்சி (அப்பா) பெயர் என்று இரண்டு மூன்று சேர்ந்து, அதிலும் ஒவ்வொன்றும் ஒற்றை எழுத்தாக இல்லாமல் ராம., மெ., சித. என்று நீளும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், பட்டத்தில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் விரித்தெழுதியது ஒரு விதம் என்று மூன்றாகிவிடும். என்னுடைய விண்ணப்பம் ஒன்று இந்த ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டு, அந்த ஆண்டுச் சேர்க்கையையே நான் இழந்தேன். அன்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைப்பதுண்டு. எனவே விண்ணப்பம் பற்றி யோசிப்பதற்கும் ஓராண்டு முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வேண்டுமா, உறுதிமொழிப் பத்திரம் போதுமா என்று பாஸ்போர்ட் அலுவலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் கேளுங்கள். மதிப்பெண் விவரப் படியை (டிரான்ஸ்கிரிப்ட்) கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும், பதிவு நிலைச் சான்றை தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்திலும் பெற வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கும்படி திட்டமிட்டால் சென்னைக்கு இரண்டு முறை அலைய வேண்டியதில்லை.

களத்துக்குப் போகும்போது

எந்த நாட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். நான் யாருக்குக் கற்பிக்கப் போகிறேன்? என்னோடு சேர்ந்து கற்பிக்கப் போகும் உள்ளூர்ச் செவிலியர் யார்? நான் திரும்பிய பிறகு அந்த வகுப்பை யார் நடத்துவார்? மூன்றாவது கேள்விக்குப் பெயரோடு பதில் வராவிட்டால், ஏற்பதற்கு முன் பொறுத்திருந்து பேசுங்கள். அந்த நாட்டுச் செவிலியர் மன்றத்தின் தற்காலிகப் பதிவு இல்லாமல் நோயாளியைத் தொடாதீர்கள்; சேவை என்பதால் விதி தளர்ந்துவிடாது.

முதல் மாதம் பாடம் எடுக்க அவசரப்பட வேண்டாம். நம் கிராமச் சுகாதாரச் செவிலியர் தம் துணைச் சுகாதார நிலையத்தின் கீழ் வரும் ஏறத்தாழ 5,000 பேரை வீடு வீடாக அறிந்திருப்பது போல, அங்குள்ள பணியாளரோடு நடந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிரசவத்துக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள், மாமியார் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாதம் உள்ளூர்ச் செவிலியர் வகுப்பெடுக்க நீங்கள் பின்வரிசையில் அமருங்கள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து பாடக் குறிப்பு எழுதி, அவர் மொழியில் ஒரு படியும் உங்கள் மொழியில் ஒரு படியுமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் திருத்தி வாருங்கள். ஊர் திரும்பும்போது உங்கள் படியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். திருத்தங்கள் எல்லாம் ஏறிய அவர் மொழிப் படி அந்த நிலையத்தின் மேசையிலேயே இருக்கட்டும்.